ட்ரவுட் மீனும் பரவைக்கடலும்

ஆறு என்பது எங்கள் தீவாருக்கு ஏட்டிலே மட்டும் ஓடும் பொருள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிலே பெருகிக் கோடையிலே மறையும் வழுக்கையாற்றை ஆறென்று சொல்லி மனநிறைவு கொள்கிறோம். அதுவும் பண்ணைப் பாலத்துக்கு அப்பால். கடலேரிகளை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு படைக்கலாம் என்று 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் திட்டம் வரைந்தார். பெயரிலே ஆறு இருந்தும் அவர் கனவு முழுமையாக நிறைவேறவில்லை. புளியங்கூடலிலே பிறந்த நாம் மருதத்திணையைக் கற்பிக்கும்போது ஆற்றை எப்போதும் கற்பனையிலேயே காட்ட வேண்டியிருக்கிறது.

அண்மையில் மாணவனொருவன் ஆங்கில நூலொன்றில் வாசித்ததைச் சொல்லி ஐயம் கேட்டான். நள்ளிரவிலே ஒருவன் இடுப்பளவு ஆற்றுநீரில் நிற்கிறானாம். இறகினாற் செய்த பொய் ஈயைத் தூண்டிலிற் கட்டி எறிகிறானாம். பல நாழிகை காத்திருந்து பிடித்த மீனைத் திரும்பவும் ஆற்றிலேயே விட்டுவிடுகிறானாம். "அப்ப அவன் ஏன் சேர் பிடிச்சவன்?" என்பது கேள்வி. கேலியாகக் கேட்டானல்லன். தகப்பன் பரவைக்கடலிலே களங்கட்டி வைப்பவர். மீன் விழாத நாளில் அவன் வீட்டு அடுப்பு எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம்.

அவன் வாசித்தது கடல் ட்ரவுட் என்னும் மீனைப்பற்றி. வட ஐரோப்பிய ஆறுகளின் பரற்கற்களிடையே பொரித்த குஞ்சுகளிற் சில ஆற்றிலேயே தங்கிப் பழுப்புநிற மீனாய் வாழ்கின்றன; அவற்றின் உடன்பிறப்புகளே வேறு சில, வெள்ளிபோல் மினுங்கும் மேனி பெற்றுக் கடலுக்குப் போய்விடுகின்றன. இரண்டும் ஒரே இனம் என்கிறது அறிவியல். கடலிலே கொழுத்த மீன் கோடையிலே தான் பிறந்த ஆற்றைத் தேடி வருகிறது. எங்கள் கொடுவா இதற்கு நேர்மாறு: உவர்நீரிலே முட்டையிடும், அதன் குஞ்சுகள் நன்னீர் தேடி உள்ளே ஏறி வளரும். ஆறு திரும்பிய கடல் ட்ரவுட் பெரும்பாலும் உண்பதேயில்லை. பகலிலே மருண்டு மறைந்து கிடக்கும். ஆகவேதான் அதை இரவிலே தேடுகிறார்கள். உண்ணாத மீன் பொய் ஈயை ஏன் கவ்வுகிறது என்பதற்கு இன்றுவரை முடிந்த விடையில்லை. பசியால் அன்று, பழைய நினைவால் என்பாரும் உளர். எரிச்சலால் என்பாரும் உளர். அந்தப் பொய் ஈக்கு எடையே இல்லாதபடியால் கயிற்றின் எடையைக் கொண்டே வீச வேண்டும். கோல் பின்னே சென்று, கயிறு இருளிலே முழுதும் நீளும்வரை பொறுத்து, பின் முன்னே வர வேண்டும். அது ஒரு கலை என்பதை மறுக்க நமக்கு மனமில்லை.

ஆனால் அந்தக் கோலும் ஈயும் எங்கிருந்து வந்தன? ஆற்று மீன் தூண்டில்களுக்குப் பெயர்பெற்ற ஓர் இறகு தென்னிந்தியக் காட்டுக்கோழிச் சேவலின் பிடரியிலே வளர்வது. மெழுகுத் துளி சிந்தியதுபோன்ற மஞ்சள் வெண்பொட்டு அதில் உண்டு. நீருக்குள்ளே சிறுமீனின் கண்போலத் தோன்றும். காட்டுப் பறவைகளின் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்வதை இந்திய அரசு 1902இல் தடைசெய்ய வேண்டியதாயிற்று. கோலுக்கான உறுதியான மரம் பிரித்தானிய கயானாவிலிருந்து போயிற்று. பிளந்து ஒட்டிய மூங்கிற் கோல்களுக்கு முதலிலே கல்கத்தா மூங்கிலை நாடினார்கள். அதே கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து அதே கயானாவுக்கு 1838 முதல் மனிதரையும் ஒப்பந்தக் கூலிகளாய் ஏற்றினார்கள். ஸ்கொட்லாந்து ஆற்றங்கரையிலே தனிமையை நாடி நின்ற கனவான் தன் கையிலே பேரரசு முழுவதையும் பிடித்துக்கொண்டு நின்றான்.

தன் மீனையும் அவன் கூடவே கொண்டுபோனான். 1864இல் பனிக்கட்டிக்குள்ளே பாசியிற் பொதிந்த முட்டைகள் 'நோர்ஃபோக்' என்னும் கப்பலில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டுத் தஸ்மேனியா போய்ச் சேர்ந்தன. 1880களில் இலங்கை மலைநாட்டு ஓடைகளிலும் ட்ரவுட் விடப்பட்டது. பின்னர் வானவில் ட்ரவுட் வந்தது; ஹோர்ட்டன் சமவெளியிலே வேரூன்றியது அதுவே. நீலகிரியில் 1860களின் முயற்சிகள் பொய்த்தன. 1907இல் அவலாஞ்சியிலே பொரிப்பகம் அமைந்த பின்னரே மீன் நிலைத்தது. நுவரெலியாவில் துரைமார் தங்களுக்கென மீன்பிடிக் கழகமும் பொரிப்பகமும் வைத்திருந்தனர். இன்ன நீளத்திற் குறைந்த மீனை விட்டுவிட வேண்டும், அனுமதிச்சீட்டின்றி எவரும் தூண்டில் இடலாகாது என்றெல்லாம் விதிகள் இருந்தன.

அந்த முட்டைகளின் பயணத்தை எண்ணும்போதெல்லாம் நமக்கு வேறொரு பயணம் நினைவுக்கு வருகிறது. அதே நூற்றாண்டில் தமிழகத்துக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய ஏழைகள், வன்னிக் காடு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பலரை விழுங்கின. மீன்முட்டை வெயில்படாமற் பனிக்கட்டியிலே வந்தது. தேயிலையை வளர்க்க வந்த மனிதன் கால்நடையாய் வந்தான். முட்டையின் சந்ததி ஓடையிலே உரிமையோடு நீந்திற்று. மனிதனின் சந்ததியை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று. அந்தக் கணக்கை நேர்செய்ய 2003 வரை சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது.

நாம் சில ஆண்டுகள் மலைநாட்டுப் பாடசாலையொன்றிலே கற்பித்தோம். மாணவியொருத்தியின் பாட்டனார், சிறுவயதிலே துரையின் கோலும் கூடையும் சுமந்து போனவர். அந்த மீன் எப்படியிருக்கும் என்று கேட்டோம். "பாக்க நல்லா இருக்கும் சார். நாங்க அத தொட்டது கூடைக்குள்ள போடத்தான்" என்றார். வெறுப்பு அந்தக் குரலில் இல்லை. அதுதான் நம்மை வருத்திற்று. பின்னர் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனபோது அந்தக் குளிரோடையின் அருகே நெடுநேரம் நின்றோம். 1988 முதல் அது தேசிய வனம். ட்ரவுட் வருமுன் அந்த ஓடைகளில் மீனினமே இருந்ததில்லை என்கிறார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத சிற்றிறால் ஒன்று அங்கே வாழ்கிறது. ட்ரவுட்டை இறக்கியவர்கள் அதனிடம் உத்தரவு கேட்டிருக்க மாட்டார்கள்.

பிடித்ததை விட்டுவிடும் கதையை ஊரிலே, மாணவனின் தகப்பனிடம் சொன்னோம். வலை பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"விடுறதுக்கோ பிடிக்கினம் மாஸ்டர்? வயிறு நிறைஞ்ச ஆக்கள் போல."

"விளையாட்டாம் அண்ணை. சின்ன மீனென்றால் கட்டாயம் விடவேணுமாம்."

"அது நல்ல சட்டம். களங்கட்டியிலை குஞ்சு விழுந்தால் நாங்களும் தட்டி விடுறனாங்கள்தானே. அதுக்கு எங்களுக்கு ஆரும் சட்டம் எழுதித் தரேல்லை. ஆனா இழுவைமடி வந்தால் குஞ்சென்ன, தாயென்ன, அடி மண்ணே போயிடும்."

இழுவைமடியின் வரலாறும் கேட்கத் தக்கது. 19ஆம் நூற்றாண்டிலே ஆங்கிலப் பிரபுக்கள் மீன்பிடி விளையாட்டுக்காக நோர்வேயின் ஆறுகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதே நோர்வே 1952இல் இந்தியாவோடு உடன்படிக்கை செய்து, ஏழை மீனவரை உயர்த்தும் நல்லெண்ணத்தோடு கேரளத்திலே திட்டமொன்றைத் தொடங்கிற்று. இயந்திரப் படகும் இறால் இழுவையும் அங்கிருந்து பரவின. இறால் ஏற்றுமதிப் பொருளாயிற்று. இன்று பாக்கு நீரிணையிலே இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வந்து எங்கள் கடலடியை உழுகின்றன. அடியிழுவையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடுத்தது, படகுகள் நின்றபாடில்லை. அப்படகிலே கூலிக்கு வருபவனும் தமிழ் பேசும் ஏழையே. நாள் முழுதும் வெயிலிற் காய்ந்து, பிடிபட்டால் சிறைக்குப் போகிறவன் அவன். படகின் முதலாளி கரையிலே இருக்கிறான். இரு கரை ஏழைகளையும் மோதவிட்டு இதனை இனப் பகையாகப் பேசுவோரை நாம் ஏற்கமாட்டோம்.

நீர் யாருக்கு உரியது என்பதே கேள்வி. ஸ்கொட்லாந்திலே சாமனும் கடல் ட்ரவுட்டும் பிடிக்கும் உரிமை நிலத்தினின்று பிரித்து விற்கவும் வாங்கவும் கூடிய சொத்து. ஆற்றங்கரையிற் பிறந்தவன் என்பதால் ஒருவனுக்கு அந்த உரிமை வந்துவிடாது. இது தூர தேசத்துச் செய்தி என்று சில ஆண்டுகளுக்கு முன்வரை எண்ணியிருந்தோம். இப்போது தீவுப்பகுதியின் ஆழங்குறைந்த கடலிலே கம்பு நட்டு வலை சுற்றிக் கடலட்டைப் பண்ணைகள் எழுந்துள்ளன. அட்டை உலர்ந்து சீனம் முதலிய நாடுகளுக்குப் போகிறது. பண்ணையால் பிழைக்கும் குடும்பங்களும் எங்கள் ஊர்ப் பக்கத்திலே உண்டு. அவர்களின் சோற்றிலே மண்போட நாம் எழுதவில்லை. ஆனால் இறங்கு துறைகளும் தலைமுறையாய்ச் சிறகுவலை கட்டிய இடங்களும் மறிபடுகின்றன என்று சிறு மீனவர்கள் முறையிட்டார்கள்; 2022இல் தெருவுக்கும் வந்து போராடினார்கள். அனுமதிப்பத்திரம் ஒருவன் கையில் இருக்கிறது. வழக்கமான உரிமை மற்றவன் வாய்ச்சொல்லில் இருக்கிறது. மன்றிலே எது செல்லும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

பண்ணைக் கம்புகளைச் சுற்றிப் போவதால் தோணி தாங்குவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்கிறார் மாணவனின் தகப்பன். முன்னர் விடியப்புறம் நாலு மணிக்குப் புறப்பட்டவர் இப்போது மூன்று மணிக்கே எழும்புகிறார். சனிக்கிழமைகளில் மகனையும் கூட்டிப் போகிறார். திங்கட்கிழமை முதற்பாட வேளையிலே அவன் உறங்கிவிழுந்தால் நாம் எழுப்புவதில்லை.