வீட்டில் வரலாறு சொல்லிக்கொடுக்க எதை வாங்குவது?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர், கணக்குக்கும் அறிவியலுக்கும் எப்படியோ ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். வரலாற்றில்தான் தடுமாற்றம். "மேடம், நல்ல கரிகுலம் ஒண்ணு சொல்லுங்க. காசு பரவாயில்ல, ஆனா ரிசர்ச் பண்ணி செஞ்சதா இருக்கணும்" என்று கேட்பார்கள். பள்ளி வேலையை விட்ட பிறகு கோவையில் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு வரலாறு மட்டும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வந்திறங்கும் பாடத்தொகுப்புகளைப் பல வீடுகளில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஆய்வின் அடிப்படையில் உருவாக்கப்பட்டது என்று அட்டையிலேயே அடித்திருப்பார்கள். யார் ஆய்ந்தார்கள், எந்த வயதுப் பிள்ளைகளிடம், எதை அளந்தார்கள் என்று உள்ளே தேடினால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது.

ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்ததும் எழுதியவர் யார், எப்போது எழுதினார், யாருக்காக எழுதினார் என்று கேட்கப் பழக்குவதுதான் என் வேலை. அதே கேள்வியை அந்த அட்டையிடமும் கேட்கலாம். கேட்டால் தாங்கி நிற்பவை வெகு சிலவே.

தாங்கி நிற்பவற்றில் முதலில் சொல்ல வேண்டியது சாம் வைன்பர்க் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரின் வழியில் வந்தது. 1991-இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் எட்டு வரலாற்றாசிரியர்களும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் கலந்துகொண்டார்கள். 1775-இல் லெக்சிங்டனில் அமெரிக்கப் புரட்சிப் போரின் முதல் குண்டு எப்படி வெடித்தது என்பது பற்றிய ஒரே ஆவணக் கட்டு இரு சாராரிடமும் கொடுக்கப்பட்டது. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிக்கச் சொன்னார். மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை போனார்கள். வரலாற்றாசிரியர்களின் கண் முதலில் அடியில் இருந்த பெயருக்கும் தேதிக்கும் போனது. பிறகு ஒரு தாளை இன்னொன்றோடு ஒத்துப் பார்த்தார்கள். இத்தனைக்கும் அவர்களில் சிலருடைய துறை அமெரிக்க வரலாறே அல்ல. அந்தக் கட்டில் ஒரு பாடநூல் பகுதியும் இருந்தது. மிகவும் நம்பத்தகுந்தது எது என்றபோது மாணவர்கள் பாடநூலை மேலே தூக்கி வைத்தார்கள். வரலாற்றாசிரியர்கள் அதை ஏறக்குறைய அடியில் தள்ளினார்கள்.

இந்த இடம் எனக்கு எப்போதும் சங்கடம் தருவது. பதினைந்து வருடம் வகுப்பறையில் நின்று "புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அத எழுது" என்று சொன்னவள்தானே நானும்.

இந்த வழியில் பிறந்ததுதான் 'ரீடிங் லைக் எ ஹிஸ்டோரியன்' பாடத்தொகுப்பு. ஸ்டான்ஃபோர்டில் உருவானது, இணையத்தில் இலவசம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே ஒரு கேள்வி, ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு மூன்று ஆவணங்கள், கடைசியில் வாதம். இதைச் சோதித்துப் பார்த்தவர் அவிஷாக் ரைஸ்மன் என்ற ஆய்வாளர். சான்ஃபிரான்சிஸ்கோவின் ஐந்து அரசுப் பள்ளிகளில், பதினொன்றாம் வகுப்பில், ஆறு மாதம் நடத்தி, வழக்கமான பாடம் படித்த வகுப்புகளோடு ஒப்பிட்டார். ஆவணங்களை எடைபோடும் திறனில் பிள்ளைகள் முன்னேறியதில் வியப்பில்லை. தகவல் நினைவிலும் பொதுவான வாசிப்புத் திறனிலும்கூட அவர்களே முன்னால் நின்றார்கள். ஆவணம் ஆவணமாகப் படித்துக்கொண்டிருந்தால் சிலபஸ் எப்போது முடியும் என்று கவலைப்படும் அப்பாக்களிடம் இந்த முடிவைத்தான் சொல்கிறேன்.

ஆனால் சோதிக்கப்பட்டது பதினொன்றாம் வகுப்பில் என்பதை அந்த அப்பாக்கள் கவனிப்பதில்லை. ஏழு வயதுக் குழந்தை முன்னால் முரண்படும் இரண்டு கடிதங்களை வைத்தால் என்ன நடக்கும்? இங்கிலாந்தில் பீட்டர் லீயும் ரோசலின் ஆஷ்பியும் ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளிடம் இதை நெடுநாள் ஆராய்ந்திருக்கிறார்கள். நாம யாரும் அங்க இல்லையே, எப்படித் தெரியும் என்று கைவிரிக்கும் பிள்ளைகள் உண்டு. இரண்டில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடித்துவிடுபவர்கள் உண்டு. இருவர் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் வரப் பல பிள்ளைகளுக்கு நாளாகிறது. வயது கூடினால் தானாக வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. சொல்லிக்கொடுத்தால் சில சின்னப் பிள்ளைகளுக்கே வந்துவிடுகிறது.

அதனால் பத்து வயதுக்குக் கீழே நான் கதையைத்தான் பரிந்துரைக்கிறேன். சூசன் வைஸ் பாவரின் 'ஸ்டோரி ஆஃப் தி வேர்ல்டு' நான்கு பாகமும் நம் ஊர் ஹோம்ஸ்கூலிங் வீடுகளில் பரவலாக இருக்கிறது. வாசிக்கச் சுகமானது. உலகமெல்லாம் சுற்றினாலும் மேற்கிலிருந்து பார்க்கும் பார்வை அதில் உண்டு. தென்னிந்தியாவை அதில் தேடிக் களைத்துப்போவோம், அந்த இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். ஷார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் முறையைப் பின்பற்றும் அம்மாக்கள் ஒரு பகுதியை ஒருமுறை வாசித்துக் காட்டி, புத்தகத்தை மூடிவிட்டு, "இப்ப நீ சொல்லு" என்பார்கள். அந்த அம்மையார் 1923-இலேயே காலமானவர். நினைவு பற்றிய சோதனைக்கூட ஆய்வுகளைப் பார்த்துவிட்டு அவர் இதைச் சொல்லவில்லை. ஆனால் 2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை, திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததைப் பாராமல் நினைவுகூர்ந்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்ததைக் காட்டியது. ஆய்வு முத்திரை இல்லாத வழக்கம் ஒன்றுக்கு ஆய்வு பின்னால் வந்து துணை நின்றிருக்கிறது.

பாடநூலைத் தேர்ந்தெடுக்க எனக்கு உதவியது இன்னொரு ஆய்வு. இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் 1991-இல் வெளியிட்டது. அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய நிகழ்ச்சிகளைச் சொல்லும் ஒரு பாடநூல் பகுதியை எடுத்து, ஏன் நடந்தது, அதனால் என்ன ஆனது என்ற இணைப்புகளைச் சேர்த்துத் திருத்தி எழுதினார்கள். திருத்திய பகுதியைப் படித்த நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதிகம் புரிந்தது. இதை வைத்து நான் செய்வது எளிய காரியம். எந்தப் புத்தகமானாலும் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, வாக்கியங்களுக்கு இடையே "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போவேன். மன்னர் வந்தார், போர் செய்தார், கோயில் கட்டினார், இறந்தார் என்று பக்கம் முழுக்க வினைமுற்றுகளாகவே ஓடினால் மூடிவைத்துவிடலாம். வழவழ காகிதமும் வண்ணப் படமும் என்னை அசைப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்காக என்சிஇஆர்டி 2005-க்குப் பிறகு கொண்டுவந்த 'தீம்ஸ் இன் இந்தியன் ஹிஸ்டரி' மூன்று பாகங்களும் இந்தச் சோதனையில் நன்றாகவே தேறின. கல்வெட்டு, பயணக்குறிப்பு, கடிதம் என்று மூலச் சான்றுகளைப் பெட்டி கட்டிப் போட்டிருப்பார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் சில பகுதிகள் வெட்டப்பட்டன. பழைய பதிப்பு கிடைத்தால் இரண்டையும் வாங்குங்கள். எது வெட்டப்பட்டது, ஏன் என்பதே பெரிய பிள்ளைகளுக்கு நல்ல பாடம்.

சரி, ஆவணமும் கிடைத்தது, புத்தகமும் கிடைத்தது. வீட்டில் நடத்தினால் நடக்கிறதா? முழுதாக நடப்பதில்லை. நான் இந்தப் பிள்ளைகளோடு பழகித் தெரிந்துகொண்ட முக்கியமான விஷயமே அதுதான். ரைஸ்மனின் சோதனை வகுப்பறையில் நடந்தது. ஒரு பிள்ளை ஒன்று சொல்ல, இன்னொரு பிள்ளை மறுக்க, ஆதாரத்தைக் காட்டு என்று மூன்றாவது பிள்ளை கேட்க, அப்படித்தான் அந்த முறை ஓடுகிறது. சாப்பாட்டு மேசையில் அம்மாவும் ஒரே பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்தால் வாதம் பிறப்பதில்லை. அம்மா முகத்தைப் பார்த்தே விடை எது என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளை இன்னும் சீக்கிரம் கண்டுபிடிக்கும். எனவே கரிகுலம் கேட்டு வருபவர்களிடம் அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: மாறுபட்டுப் பேச உங்கள் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்து ஊரில் இருக்கும் இன்னொரு ஹோம்ஸ்கூலிங் பிள்ளையோ, பெரியப்பா மகனோ, ஓய்வுபெற்ற தாத்தாவோ, யாராவது ஒருவர் வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்ப் புத்தகத்தைவிட அந்த ஆள் முக்கியம்.

என் குழுவில் வயது கலந்த பிள்ளைகள்தான். அமெரிக்கப் பாடத்தின் அமைப்பை வைத்துக்கொண்டு நம் ஆவணங்களை உள்ளே போடுவது என் வழக்கம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தவை, பொது ஆண்டு 919, 921. குடவோலை முறை என்று எல்லாருக்கும் தெரியும், ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் முழங்கவும் தெரியும். நான் இரண்டு கல்வெட்டுகளின் தகுதிப் பட்டியலையும் எளிய தமிழில் சுருக்கி, மூல வரிகளைப் பக்கத்திலேயே வைத்துக் கொடுப்பேன். அந்த ஊரில் யார் யார் பெயரை ஓலையில் எழுத முடியும் என்பது கேள்வி. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட பிரமதேய ஊரின் சபை அது. பெண்கள், நிலமில்லாதவர்கள் என்று பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே நிறுத்திக்கொண்டே வருவார்கள். பிறகு யாராவது ஒரு பிள்ளை வயது வரம்பைப் பிடிக்கும். முதல் கல்வெட்டில் முப்பது முதல் அறுபது, இரண்டாவதில் முப்பத்தைந்து முதல் எழுபது. இரண்டே வருடத்தில் விதியை ஏன் மாற்றினார்கள்? கல்வெட்டு முழு விடை தராது. முப்பது வயதுக்காரர்கள் ஏதோ வம்பு செய்திருப்பார்கள் என்று பதிமூன்று வயதுப் பையன் சொல்ல, அதற்கு ஆதாரம் எங்கே என்று அவனைவிடச் சின்னப் பெண் பிடித்துக்கொண்டாள். கணக்குக் காட்டாதவர்களைத் தடுக்கும் விதியைக் காட்டி அவன் சமாளித்தான். பாதி ஆதாரம்தான், ஆனாலும் கல்வெட்டுக்குள்ளிருந்து எடுத்தான்.

கட்டபொம்மன் பாடம் இன்னும் சூடு. 1959-இல் வந்த படத்தின் வசனம் நம் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம், எனவே படத்தையும் ஓர் ஆவணமாகவே கட்டில் சேர்த்துவிடுவேன். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலிலிருந்து ஒரு பகுதி, கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்களின் சுருக்கம், 1798-இல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனோடு நடந்த கைகலப்பை விசாரித்த குழு சொன்னது ஆகியவையும் இருக்கும். அந்தக் குழு கலெக்டர் மீது தவறு கண்டது, ஜாக்சன் பதவி இழந்தார். இதைப் படித்துவிட்டு ஒரு பெண், "அக்கா, கலெக்டர் மேல தப்புன்னு கம்பெனியே சொல்லிட்டா, அப்புறம் எதுக்கு அடுத்த வருஷமே தூக்குல போட்டாங்க?" என்றாள். 1799-இல் கம்பெனிப் படையோடு மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது, புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள் பிடித்துக்கொடுத்தது, கயத்தாற்றில் தூக்கிலிட்டது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஒரே கம்பெனி 1798-இல் ஒன்றும் 1799-இல் வேறொன்றும் சொன்னது ஏன் என்ற கேள்வி அவள் கையில் இருந்த பாடநூலில் இல்லை. வரி பாக்கியிலிருந்து மற்றப் பாளையக்காரர்களோடு அவருக்கு இருந்த தொடர்பு வரை போய் இரண்டு வாரம் அதிலேயே கழிந்தது.

கீழடி அகழாய்வை வளர்ந்த பிள்ளைகளோடு மட்டும் செய்கிறேன். 2019-இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குப் பொது ஆண்டுக்கு முன் சுமார் 580 என்ற காலம் வந்தது. ஓர் ஆழத்தில் கிடைத்த ஒரு தேதி ஊர் முழுதுக்கும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பெருமிதத்தோடு வரும் பெற்றோருக்கு இது கொஞ்சம் கசக்கும்.

பிறகு பரீட்சை. என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளைக்குக் கடைசி வருடம் பாடப்புத்தகமும் பழைய வினாத்தாளும்தான் கதி, அதில் வாதம் பேச நேரமில்லை. கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ வரலாற்றில் ஒரு தாள் முழுக்க மூல ஆவணங்கள்தான். இந்த முறையில் வளர்ந்த பிள்ளைகள் அதில் தடுமாறுவதில்லை. ஆனால் வெர்சாய் ஒப்பந்தத்துக்கும் பனிப்போருக்கும் நடுவே நம் ஊர் காணாமல் போய்விடுகிறது. கட்டணமும் அதிகம். ஆவண வாசிப்பு, நம் ஊர் வரலாறு இரண்டையும் தரும் பரீட்சை எனக்குத் தெரியவில்லை. பரீட்சை வருடத்துக்கு முன்பே ஆவண வேலையை முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது 1806-இல் நடந்த வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சிக்கான கட்டைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி பற்றிய புது ராணுவ விதிகள் ஒரு பக்கம், கோட்டைக்குள் இருந்த திப்புவின் பிள்ளைகள் மறு பக்கம். எது காரணம் என்று அன்றைக்கே அதிகாரிகள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டார்கள். கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். என் சிக்கல் வேறு. தாள்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரு தரப்பின் கையெழுத்து. சிப்பாய்கள் பேசுவது விசாரணையில் சொன்னதாக எழுதிவைக்கப்பட்ட வாக்குமூலங்களில் மட்டும்தான், அதுவும் உயிருக்கு அஞ்சிய நிலையில், வேறொரு மொழியில் பதிவானது. அதைச் சுருக்கும்போது எந்த வரியை விடலாம், எதை விடக்கூடாது என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டு விதமாகச் சுருக்கி, குழுவை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். தங்கள் கையில் இருப்பது வேறு வேறு சுருக்கம் என்பதை அவர்கள் எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.