டான்யூபில் அம்மாவின் கேபின்

பாஸாவ், ஞாயிறு மாலை

பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டோம். நதிக் கப்பலில் பெட்டிக்கு வேறு இடம் கிடையாது. அதற்காகவே கட்டிலை உயரமாகச் செய்திருக்கிறார்கள். கேபின் சுமார் 170 சதுர அடி. அலமாரி, லாக்கர், சின்ன ஃப்ரிட்ஜ், ஹேர் டிரையர், சுவரில் டி.வி., கண்ணாடிக் கதவு போட்ட குளியலறை. வாசலருகே உள்ள துளையில் சாவி அட்டையைச் செருகினால்தான் விளக்கு எரியும். அம்மா எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "வெந்நீர் போட கெட்டில் எங்கடி?" என்றாள்.

கெட்டில் இல்லை. இஸ்திரிப் பெட்டியும் இல்லை. தீப்பிடிக்கும் பயத்தால் பல நதிக் கப்பல்களில் இவற்றைக் கேபினில் வைப்பதில்லை. கூடத்தில் காபி இயந்திரம் இரவு பகலாக ஓடுகிறது, உண்மைதான். ஆனால் முழங்கால் வலியோடு விடியற்காலையில் அவ்வளவு தூரம் யார் நடப்பது? கேபினைச் சுத்தம் செய்யும் பெண்ணிடம் சொன்னேன். இரவு படுக்கையைத் தட்டிப்போட வந்தபோது ஒரு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

அதே இரவு

ஜூன் மாதத்து வெயில் இங்கே எட்டரை மணிக்கும் அடிக்கிறது. பாஸாவுக்கும் லின்ஸுக்கும் நடுவே ஷ்லோகன் என்ற இடத்தில் டான்யூப் ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்பிப் பாய்கிறது. கேபினில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். கட்டிலின் மேல் விழுந்திருந்த வெயில் மெல்ல நகர்ந்து டி.வி.யைத் தொட்டது, சுவரில் ஏறியது, பிறகு காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து அம்மாவின் மடியில் விழுந்தது. இருபுறமும் அடர்ந்த காடு. வைஃபை சுத்தமாக நின்றுவிட்டது. கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டேன்.

எங்கள் கேபின் நடுத்தளத்தில், கப்பல் போகும் திசைக்கு இடப்பக்கம் இருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிக் கதவு, அதைத் தள்ளித் திறந்தால் இடுப்பளவுக் கம்பி. கால் வைக்க இடமில்லை. இதைத்தான் பிரெஞ்சு பால்கனி என்கிறார்கள். நாற்காலி போட்டு உட்காரும் வெளிப் பால்கனி வேண்டுமென்றால் கட்டணம் கூடும், பல கப்பல்களில் உள்ளறையும் அந்த அளவுக்குக் குறுகும். கீழ்த்தளத்துக் கேபின்களில் ஜன்னல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரின் உச்சியில் இருக்கும்; அதைத் திறக்க முடியாது. உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு வானம் மட்டும்தான் தெரியும். காலையில் போய் இரவில் வந்து படுப்பவர்களுக்கு அது போதும். அம்மாவுக்குப் போதாது என்று தெரிந்துதான் மற்ற செலவுகளைக் குறைத்து இந்தக் கேபினை எடுத்தேன்.

லின்ஸ், திங்கள்

நான் பேருந்தில் சால்ஸ்பர்க் போய்வந்தேன். அம்மா கப்பலிலேயே இருந்தாள். கேபின் டி.வி.யின் திரைப்படப் பட்டியலில் 1965-இல் வந்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இருந்ததால் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன். சப்டைட்டில் இல்லை. மாலையில் நான் மிராபெல் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள், "அந்தப் பிள்ளைங்க படியில ஏறி இறங்கிப் பாடுதே, அந்த இடம்தானே?" என்றாள். அதே இடம்தான். "கதை நம்ம சாந்தி நிலையம் படம் மாதிரி இருக்குடி. எனக்கு எழுத்தெல்லாம் தேவைப்படல." நான் வெயிலில் நின்று பார்த்த படிக்கட்டை அவள் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்திருக்கிறாள். போகும் ஊர்களில் எடுத்த படங்களைக் கேபினில் வைப்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு! மற்றபடி அந்தப் பட்டியலில் இருந்தவை விமானத்திலும் பார்க்கக்கூடிய படங்கள்.

வாக்காவ், செவ்வாய்

இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த நாள் இது. மெல்க் முதல் கிரெம்ஸ் வரை சுமார் 36 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கு. 2000-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எல்லோரும் மொட்டைத் தளத்துக்கு ஓடினார்கள். எங்கள் கப்பலில் லிஃப்ட் அதுவரை போகாது. பெரும்பாலான நதிக் கப்பல்களில் இதே நிலைதான்.

கப்பல்களின் உடம்பே அப்படி. நீளம் 135 மீட்டர் வரை போகும், அகலம் 11.4 மீட்டர்தான். ஆற்றின் மட்டம் மாறும் இடங்களில் கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டிகளுக்கு 'லாக்' என்று பெயர். ரைனையும் டான்யூபையும் இணைக்கும் கால்வாய் 1992-இல் திறக்கப்பட்டது. அந்த வழியில் உள்ள லாக்குகளின் அகலம் 12 மீட்டர். அதற்குள் நுழையவேண்டுமென்றால் கப்பல் ஒல்லியாகத்தான் இருக்கவேண்டும். தாழ்வான பாலங்களுக்காக உயரத்தையும் குறைக்கிறார்கள். கேப்டன் கப்பலை ஓட்டும் அறையே ஹைட்ராலிக் விசையில் கீழே இறங்கும். அதனால்தான் கேபின்களில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கணக்கு. அவலான் நிறுவனம் சில கப்பல்களில் கட்டிலை ஜன்னலுக்கு நேராகத் திருப்பிப் போட்டிருக்கிறது. படுத்தபடியே நதியைப் பார்க்கலாம். இடத்தைக் கூட்டாமல் செய்த இந்த மாற்றத்தைத்தான் நான் உண்மையான வசதி என்பேன்.

எங்கள் கட்டில் சுவரைப் பார்த்து இருந்தது. நாற்காலியைக் கண்ணாடியோரம் இழுத்துப்போட்டு, டி.வி.யில் கப்பலின் முன்முனைக் கேமரா சேனலை வைத்தேன். வழிகாட்டி மேலே நின்று பேசுவதும் அதில் கேட்டது. அந்தச் சேனலில் அவர் குரல் கேட்கும் என்று எங்களுக்குச் சொன்னது ஃபிளாஸ்க் கொண்டுவந்த அந்தப் பெண்தான். கேபினில் கிடந்த எந்தத் தாளிலும் இல்லை. வலக்கரையின் ஆக்ஸ்டைன் கோட்டைச் சிதிலம் திரையில் தெரிந்தது. இடக்கரை முழுவதும் அம்மாவுக்கே: 1908-இல் சிறிய கல் பெண்ணுருவம் கிடைத்த வில்லன்டார்ஃப், ஸ்பிட்ஸ் ஊரின் படிக்கட்டு போன்ற திராட்சைத் தோட்டங்கள், பாதாமி மரங்கள். திராட்சைக் கொடிகளுக்கு அணைகொடுக்கும் கற்சுவர்களை அம்மா வெகுநேரம் பார்த்தாள். "சாந்தே இல்லாம அடுக்கியிருக்கான் பாரு. எவ்வளவு கை பட்டிருக்கும்!" உண்மைதான், அவை காரை பூசாத சுவர்கள். வழிகாட்டி அதைச் சொன்னது அம்மா சொன்ன பிறகுதான்.

டூர்ன்ஸ்டைனின் நீலக் கோபுரம் கண்ணாடிக் கதவை நிறைத்துக்கொண்டு போனது. மேலே இருக்கும் பாழடைந்த கோட்டையில்தான் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் 1192-இன் இறுதியில் சிறைவைக்கப்பட்டார். நான் மொட்டைத் தளத்துக்குப் போகவில்லை. அங்கிருந்து பார்த்திருந்தால் இரண்டு கரையும் கிடைத்திருக்கும். அம்மாவின் பேச்சு கிடைத்திருக்காது.

கரையில் கிலோமீட்டர்ப் பலகைகள் வருகின்றன. டான்யூபில் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள். நாம் போகப் போக எண் குறையும். கிரெம்ஸைத் தாண்டியதும் 2,000 வந்தது. அம்மா கைதட்டினாள்.

வியன்னா, புதன்

காலையில் திரையை விலக்கினால் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு கேபின். உள்ளே ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கரையில் இடம் குறைவு என்பதால் கப்பல்களைப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று கட்டிவிடுகிறார்கள். இறங்கவேண்டுமென்றால் பக்கத்துக் கப்பலின் வரவேற்பறை வழியாக நடக்கவேண்டும். அதிகக் கட்டணம் கொடுத்து வாங்கிய ஜன்னல் நாள் முழுவதும் மூடிக் கிடந்தது. முன்பதிவு செய்யும்போது இதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நியாயம் என்று சொல்லமாட்டேன். பெரிய ஊர்களில் இது வாடிக்கையாக நடப்பது. விலைப் பட்டியலிலேயே எழுதவேண்டிய விஷயம்.

அம்மாவைக் கூடத்துக்கு அழைத்துப்போய் உட்காரவைத்துவிட்டு, அரை நாள் மட்டும் வெளியே போய்வந்தேன்.

பிராத்திஸ்லாவாவுக்குக் கீழே, வியாழன் இரவு

கப்சிகோவோ லாக். சுமார் 20 மீட்டர் இறக்கம். கதவைத் திறந்து வைத்திருந்தோம். விளக்கொளியில் கான்கிரீட் சுவர் மெல்ல மேலே போவதுபோல் இருந்தது. உண்மையில் நாங்கள்தான் இறங்கிக்கொண்டிருந்தோம். முதலில் காய்ந்த சுவர், பிறகு ஈரச் சுவர், அதில் பச்சைப் பாசி, பாசியிலிருந்து சொட்டும் தண்ணீர். குளிர்ந்த சேற்று வாடை உள்ளே வந்தது. டி.வி.யில் செய்திச் சேனல் அறுந்துபோனது. ஆழத்தில் சாட்டிலைட் சிக்னல் எட்டாது. அடியில் மோட்டார் உறுமி, கப்பலை நேர்ப்படுத்தியது. முன்முனைக் கேபின்களில் இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் தூக்கத்தைக் கலைக்கும், பின்முனையில் எஞ்சின் சத்தம். நடுவில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள்.

"ஆத்துக்குள்ள இப்படி ஒரு கிணறா!" என்று அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலியில் இத்தனை நேரம் அவள் நின்று பார்த்து மாதங்கள் ஆகின்றன.

புடாபெஸ்ட், வெள்ளி

நகருக்குள் நுழையும்போது இடப்பக்கம் நாடாளுமன்றக் கட்டடம், 96 மீட்டர் உயரம், எங்கள் கதவுக்கு நேராக. பிறகு கப்பல் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும்படித் திரும்பி பெஸ்ட் கரையில் கட்டப்பட்டது. அதே கதவில் இப்போது புடா அரண்மனை. அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை, ஊரின் இரண்டு பாதிகளையும் பார்த்துவிட்டாள்.

முழங்கால் வலிக்காரர்களோடு நதிக் கப்பலில் போக நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டி.வி. எத்தனை அங்குலம், என்ன சோப்பு வைப்பார்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். கேபின் எந்தத் தளத்தில், முன்னா பின்னா நடுவா, ஜன்னல் எந்த உயரத்தில், லிஃப்ட் எதுவரை, வழிகாட்டியின் குரல் கேபினில் கேட்குமா, எந்தெந்த ஊரில் கப்பல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கப்பல் நடத்துபவர்களிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது: முன்முனைக் கேமராச் சேனலைப் பற்றி ஒரு தாளில் அச்சடித்துத் தலையணைமேல் வையுங்கள். கரையிறங்காதவர்களும் டிக்கெட் வாங்கித்தான் வருகிறார்கள்.