இலைக்கு ஆள்

தாத்தாவின் திதிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போவது அப்பாவின் பொறுப்பு. ஆள் என்றால் இலையில் உட்கார இரண்டு பேர். லால்குடிக்குக் கிழக்கே எங்கள் அக்ரஹாரத்தில் அதற்கும் ஆள் அற்றுப் போயிருந்தது. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் காலை பாசஞ்சர். கொள்ளிடப் பாலத்தில் வண்டி தடதடக்கும்போது ஸ்வாமிகளில் ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார். பயமா, ஜபமா தெரியாது. லால்குடியில் இறங்கி மாட்டுவண்டி.

1960-களின் கடைசி. தெருவில் முக்கால்வாசி வீடு பூட்டு. பம்பாய், டெல்லி, மதராஸ் என்று பூட்டுக்கு ஒரு ஊர் சொல்வாள் பாட்டி. சாவிகளெல்லாம் அவளுடைய அடுக்களை ஆணியில். ஸ்வாமிகள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை எங்களுக்குப் பச்சைத் தண்ணீர்தான். வடை வாசனை தாங்காமல் ஒரு சாவியை உருவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவேன். ரேழியில் வௌவால் நாற்றம்; முற்றத்தில் ஆள் உயரத்துக்கு ஆமணக்கு.

"இலைக்கு ஆள் கிடைக்காத ஊர்ல நான் என்னத்துக்குடா?" என்று ஒரு வருஷம் பாட்டியே கேட்டுவிட்டாள். அடுத்த திதி ஸ்ரீரங்கம் உத்தர வீதி வாடகை வீட்டில் நடந்தது. அங்கே திண்ணைக்குத் திண்ணை ஒரு பழைய மிராசுதார்.

யாரும் துரத்தவில்லை. 1956-ல் நியாய வாரச் சட்டம், 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் உச்சவரம்பு, 1970-ல் அதுவும் 15 ஆனது. குத்தகை நெல் குறைந்தது வாஸ்தவம். ஆனால் பையன்கள் அதற்கு முன்பே திருச்சியில் படித்து, உத்தியோகம் தேடிக் கிளம்பியாயிற்று. நிலத்தை விற்றுத்தான் சிலர் படித்தார்கள்.

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-ல் தஞ்சை ஜில்லா அக்ரஹாரம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, ஊருக்கு 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் வைத்து எழுதிய புத்தகம் 1965-ல் வந்தது. பிராமணர்கள் வெளியேறுகிறார்கள், நிலம் கைமாறுகிறது, பஞ்சாயத்தில் அதிகாரம் இடம் மாறுகிறது என்று பார்த்தவர் அவர். எங்கள் வீட்டில் பேச்சு வேறு மாதிரி. "ஊரே போச்சு" என்பார் அப்பா. போனது ஒரு தெரு. குடியானத் தெருவில் அப்போது பிள்ளைகளின் இரைச்சல் காதைத் துளைக்கும். வீட்டுக்கு ஐந்து, ஆறு. அந்தக் கணக்கு அப்பாவின் 'ஊரில்' சேரவே இல்லை.

இப்போது அந்தத் தெருவும் அடங்கிவிட்டது. மக்கள்தொகை குறையாமலிருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 பிள்ளை வேண்டும் என்பார்கள். 2020 மாதிரிப் பதிவுக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு 1.4. பிறக்கிறதும் வளர்ந்து சிங்கப்பூர், திருப்பூர் என்று போய்விடுகிறது. சமீபத்தில் போனபோது ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தேன். "வேன்ல லால்குடி இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போறதையும் சேர்த்தா, சேர்க்காமலா சார்?" என்றார் வாத்தியார்.