வைக்கோல் பற்றி அப்பாவுக்கு

புதுதில்லி,
நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

சம்பா நடவு முடிந்து களையெடுப்பும் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலிக்கு எண்ணெய் வாங்கி அனுப்பியிருக்கிறேன், வந்ததும் சொல்லுங்கள்.

போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். "அமெரிக்காக்காரனே ஆலையை இழுத்து மூடிட்டானாமே, நீ ஏம்மா அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கே?" என்றீர்கள். தம்பி உங்களிடம் சொன்னது உண்மைதான். அயோவா மாநிலத்தில் டூபாண்ட் நிறுவனம் 2015-ல் திறந்த ஆலை இரண்டே வருடத்தில் நின்றது. கன்சாஸில் அபெங்கோவா கட்டியது அதற்கும் முன்பே முடங்கியது. இத்தாலியில் கிரெசென்டினோ ஆலை 2017-ல் நின்றது. எல்லாமே தட்டையிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் எத்தனால் எடுக்கக் கட்டியவை. அப்படியிருந்தும் நான் இந்த வேலையை விடப்போவதில்லை, அப்பா. ஏன் என்று சொல்கிறேன்.

வைக்கோலை எத்தனாலுக்கு வேண்டிய சர்க்கரையாக உடைப்பது ஒரு பூஞ்சாணம். நான் வேலை செய்யும் அந்தப் பூஞ்சாணத்தின் உறவுக்காரன் உங்களுக்கு நன்றாகப் பழக்கம். உளுந்துக்கு வேரழுகல் வராமலிருக்க, கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதை நேர்த்தி செய்வீர்களே, டிரைக்கோடெர்மா விரிடி, அதன் இனம்தான். என்னுடையது டிரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுக்கூட்டத்துப் போகன்வில் தீவில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மட்கி உதிர்ந்தன. மட்கிய துணியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சாணத்துக்கு கியூஎம்6ஏ என்று எண் கொடுத்து வைத்தார்கள். முதலில் அதையும் விரிடி என்றே அழைத்தார்கள். துணி மட்காமல் காப்பது எப்படி என்பதே அன்றைய கேள்வி. எல்வின் ரீஸும் மேரி மாண்டல்ஸும் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காக அதோடு உட்கார்ந்திருந்தார்கள். 1970களில் எண்ணெய் நெருக்கடி வந்ததும் கேள்வி அப்படியே திரும்பிவிட்டது: பருத்தியைத் தின்று சர்க்கரையாக்கும் இதை வைத்தே எரிபொருள் செய்தால் என்ன? 1977-ல் ரீஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இன்று உலகத்து ஆலைகளில் வேலை செய்யும் ரீசி வகைகள் அத்தனையும் அந்த ஒரு கூடாரத்துப் பூஞ்சாணத்தின் வழி வந்தவை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

வைக்கோலைப் பூஞ்சாணம் அப்படியே விழுங்க முடியாது. அதனால் தன் உடம்புக்கு வெளியே நொதிகளைக் கசியவிட்டு, அங்கேயே உடைத்து, சர்க்கரையாக்கி உறிஞ்சுகிறது. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் சங்கிலிதான். பல சங்கிலிகள் நெருக்கமாக ஒட்டிக் கிடப்பதால் தண்ணீர்கூட உள்ளே புகாது. ஒரு நொதி சங்கிலியை நடுவில் வெட்டி நுனிகளை உண்டாக்கும். இன்னொன்று, ஊசிக் காதில் நூல் நுழைவதுபோல அந்த நுனியைத் தன் உடலிலுள்ள குகைக்குள் வாங்கிக்கொண்டு, சங்கிலி நெடுக நகர்ந்து, இரண்டிரண்டு குளுக்கோஸாக வெட்டிப்போடும். அந்த இரட்டையைப் பிரிக்க மூன்றாவது நொதி வேண்டும். ரீசி அதை மட்டும் குறைவாகச் சுரக்கிறது. இரட்டைகள் சேர்ந்துவிட்டால் முன்னால் வேலை செய்யும் நொதிகள் தளர்ந்துவிடும்; ஆகவே அதை வேறு பூஞ்சாணத்திலிருந்து எடுத்துச் சேர்ப்பதும் உண்டு. 2010 வாக்கில்தான் இன்னொரு வகை பிடிபட்டது. செம்பைத் தாங்கிய சிறிய நொதி. எதுவும் புக முடியாத இறுக்கமான இடத்தில் சங்கிலியைப் பிளந்து மற்றவற்றுக்கு வழி விடுகிறது. அதற்கு முன் அறுபது வருடம் இதே துறையில் உழைத்தவர்கள் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது, பாருங்கள்!

2008-ல் ரீசியின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது எல்லாருக்கும் ஆச்சரியம். செல்லுலோஸை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் மற்றப் பூஞ்சாணங்களைவிட இதனிடம் குறைவு. இருக்கிற கொஞ்சத்தை அள்ளி அள்ளிச் சுரக்கிறது, அவ்வளவுதான். ஆலைகளுக்கென மேம்படுத்திய வகைகள் லிட்டருக்கு 100 கிராம் அளவுக்குப் புரதம் தருகின்றன.

அப்படியானால் ஆலைகள் ஏன் மூடின? 2014 கடைசியில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது ஒரு காரணம். நொதியின் விலை இன்னொன்று. ஆனால் என் கணிப்பில் பெரிய அடி விழுந்தது பூஞ்சாணத்துக்கு முந்தைய கட்டங்களில். வயலிலிருந்து வரும் வைக்கோல் கட்டுகளில் மண்ணும் கல்லும் இருக்கும். செல்லுலோஸை லிக்னின் என்ற பசைபோன்ற பொருள் இறுகப் பிடித்திருப்பதால், நொதி தொடும் முன் வைக்கோலை நீராவியிலும் நீர்த்த அமிலத்திலும் 160, 180 டிகிரியில் வேகவைக்க வேண்டும். மண் கலந்த தட்டை அந்தக் கலன்களை அரிக்கும், வழியை அடைக்கும். நெல் வைக்கோலில் சிலிக்கா வேறு அதிகம். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கழுவி, காயவைத்து, பொடித்த வைக்கோலை எடைபோட்டு எடுத்துக்கொள்கிறோம். ஆலைக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

அந்த ஆலைகள் மூடிய பிறகும், இங்கே ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் கட்டிய ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. செலவு 900 கோடிக்கு மேல். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். "வைக்கோலைக் கொளுத்துறவன் விவசாயியா?" என்று நீங்கள் ஒருமுறை கோபப்பட்டீர்கள். இங்கே நிலைமை வேறு, அப்பா. நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நடவைத் தள்ளிப்போடச் சட்டம் வந்தது, அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரம்தான் மிஞ்சுகிறது. அறுவடை இயந்திரம் விட்டுப்போகும் தாளை அள்ள ஆளும் இல்லை, கட்டுபடியாகும் விலையும் இல்லை. அதனால் கொளுத்திவிடுகிறார்கள். அந்தப் புகைதான் இன்று என் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. நம் ஊரில் வைக்கோலுக்கு மாடு இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது. அதை நான் ஆலைக்குக் கேட்கமாட்டேன். இங்கே எரிந்துபோகிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

அந்த வைக்கோல் கிடைப்பதோ வருடத்தில் சில வாரங்கள்தான். ஆலை வருடம் முழுக்க ஓட வேண்டும். ஈரம் காயாமல் அடுக்கினால் உள்ளே சூடேறித் தீப்பிடிக்கலாம். மழை இறங்கினால், நாங்கள் தொடும் முன்பே வேறு பூஞ்சாணங்கள் சர்க்கரையைத் தின்றுவிடும். நான் அடுத்து எடுக்க நினைப்பது இதைத்தான்: போரில் கிடந்த வைக்கோல் மாதத்துக்கு மாதம் நொதிக்கு எவ்வளவு இணங்குகிறது என்று பார்ப்பது. அதற்கு உங்கள் உதவி வேண்டும். தாத்தா காலத்திலிருந்து நீங்கள் போர் போடும் முறையை விவரமாக எழுதி அனுப்புங்கள். அறுத்தபின் எத்தனை நாள் காயவிடுவீர்கள், அடியில் என்ன பரப்புவீர்கள், முகட்டை எப்படி இறக்குவீர்கள், உள்ளே சூடு ஏறியிருப்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள் என்று எல்லாம். முடிந்தால் போன வருடத்துப் போரின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் கைப்பிடி கைப்பிடியாக உருவி, காகிதப் பையில் தனித்தனியாகப் போட்டு, பையின்மேல் இடத்தைக் குறித்துத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துவிடும்.

உங்கள் அன்பு மகள்