சென்சாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

நெல் வயல் மஞ்சளாகிவிட்டால் உடனே யூரியாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. துத்தநாகக் குறைவா, தண்ணீர் தேங்கியதா, வேரில் பிரச்சினையா என்று பார்ப்பதில்லை. செலவுதான் மிச்சம். வண்டி விஷயத்திலும் இதே கதைதான் நடக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்ததும், "சென்சார் போச்சு, மாத்திடலாம்" என்கிறார்கள்.

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய கிராமத்தில் ஒரு விவசாயி. ஒன்றரை ஏக்கரில் முந்திரியும் பலாவும். தவணையில் வாங்கிய பழைய காரில் பலாப்பழமும் காய்கறியும் ஏற்றி, நகரியத்தின் வட்டங்களில் வீடு வீடாக விற்கிறார். அந்தக் கார் ஓடினால்தான் தவணையும் கட்டலாம், மகளின் கல்லூரிக் கட்டணமும் கட்டலாம்.

பலா சீசன் உச்சத்தில் இருந்தபோது வண்டி மக்கர் செய்தது. சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுற்றியது. இன்ஜின் விளக்கு எரிந்தது. பெட்ரோல் அதிகமாகக் குடித்தது. ஒரு பட்டறையில் கூலண்ட் சூட்டைச் சொல்லும் சென்சாரைப் புதிதாகப் போட்டு விளக்கை அணைத்தார்கள். மூன்றாம் நாள் மறுபடி எரிந்தது. இன்னொரு பட்டறையில், "கூலண்ட் வால்வையே மாத்தணும், பதினாலாயிரம் ஆகும்" என்றார்கள். வீட்டில் கறவை மாட்டை விற்றுவிடலாமா என்கிற பேச்சு வந்துவிட்டது.

அவரிடம் வழக்கமாகப் பழம் வாங்குபவர், சுரங்கத்தில் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். விஷயத்தைக் கேட்டதும், "தம்பி, மாட்டை அவிழ்க்காதீங்க. முதல்ல அளந்து பார்ப்போம்" என்றார். அது அவர் தொழிலில் வந்த பழக்கம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்து, மட்டத்தை அளந்துகொண்டே இருந்தால்தான் சுரங்கம் நிலைக்கும்.

மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருந்தபோது ஸ்கேனர் கருவியைச் செருகினார். பி 0118 என்ற எண் வந்தது. கூலண்ட் சூடு மைனஸ் 40 டிகிரி என்று காட்டியது.

"என்ன சார், நம்ம ஊர்லயா?" என்று சிரித்தார் விவசாயி.

"அதான் தம்பி துப்பு" என்றார் பெரியவர்.

இந்தச் சென்சார் சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தது. இன்ஜினின் கணினி இதற்கு 5 வோல்ட் அனுப்பி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. வயர் எங்காவது அறுந்தால் மின்சாரம் ஓடாது. தடை மிக அதிகம் என்று நினைத்து, கணினி கடுங்குளிர் என்று காட்டும். சரியான சூடு தெரியாததால் பாதுகாப்புக்காக விசிறியை ஓயாமல் ஓடவிடும். வால்வு சர்க்யூட்டில் கோளாறு என்றால் வேறு எண் வரவேண்டும். அப்படி ஒன்றும் வரவில்லை. ஆகவே பதினாலாயிரம் செலவுக்கு ஆதாரமே இல்லை.

இனி சென்சாரா, வயரா? சாக்கெட்டைக் கழற்றி மல்டிமீட்டரில் சென்சாரை அளந்தார். ஏறக்குறைய 2,000 ஓம். ஆறிய இன்ஜினுக்கு அது சரியான அளவு. பிறகு சாவியைத் திருப்பி, சாக்கெட்டின் சிக்னல் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே பார்த்தார். 5 வோல்ட் வந்தது. அதே சிக்னல் வயருக்கும் பக்கத்திலுள்ள எர்த் வயருக்கும் இடையே பார்த்தால் ஒன்றுமில்லை. அப்படியென்றால் எர்த் வயர்தான் அறுந்திருக்கிறது.

அந்த வயரைத் தடவிக்கொண்டே போனார்கள். பேட்டரிக்குப் பின்னால் வைக்கோல் துணுக்குகளும் எலிப் புழுக்கையும் கிடந்தன. வண்டி நிற்பது வைக்கோல் போருக்குப் பக்கத்தில். எலி கடித்த வயரின் நூல்கள் முதலில் தொட்டும் தொடாமலும் இருந்ததால்தான் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. பிறகு முழுக்க அறுந்துவிட்டது. பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு, டேப் சுற்றினார்கள். நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இன்ஜினை ஓட்டியதும் ஸ்கேனரில் சூடு 30-லிருந்து மெல்ல ஏறி 90-ஐத் தொட்டது. விசிறி தேவைப்பட்டபோது மட்டும் சுற்றியது. மாடு கொட்டகையிலேயே இருக்கிறது.

இது கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது. அவற்றிலும் கணினியும் சென்சாரும் வந்துவிட்டன. கவனிக்க வேண்டியவை:

• ஆவி வந்தாலோ, முள் சிவப்பைத் தொட்டாலோ உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அது சென்சார் கோளாறுதான் என்று நினைத்து ஓட்டாதீர்கள்.

• சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

• உப்புள்ள போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்புப் படியும், அரிக்கும். கையேட்டில் சொன்ன கூலண்டையே ஊற்றுங்கள்.

• வைக்கோல் போர், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள்.

• எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், ஸ்கேனரில் வந்த எண் என்ன, எதை அளந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.