மைக்குக்கும் ப்ரீஆம்ப்புக்கும் பத்துப் பொருத்தம்

பி.காம் படிக்கிறவனுக்கு மைக்கைப் பத்தி என்னடா தெரியும்னு நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா ரெண்டு தடவை ஏமாந்தவன் சொன்னா கேட்டுக்கலாம் இல்லையா?

எங்க ஆச்சிக்கு எண்பது தாண்டிடுச்சு. பருத்தி எடுக்கப் போன காலத்துப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரின்னு நிறைய வச்சிருக்காங்க. கோவில்பட்டிக்குப் பக்கத்துல இருக்கிற இடைசெவல்காரர் கி.ரா. (2021ல் மறைந்தார்) கரிசல் கதைகளையும் சொற்களையும் காகிதத்துல சேர்த்து வச்சிட்டுப் போனார். ராகம் காகிதத்துல ஏறாதே! பதிவு பண்ணினாத்தான் உண்டு.

முதல் முயற்சி. மைக் செட் போடுற அண்ணன்கிட்ட ஷூர் எஸ்எம்58 ஒண்ணு இரவல் வாங்கினேன். ப்ரீஆம்ப்புக்கு, இருக்கிறதுலயே விலை குறைஞ்ச ஒரு யுஎஸ்பி பெட்டி. (கம்பெனி பேர் வேண்டாம், பாவம்.) ஆச்சி ஒரு அடி தள்ளி உட்கார்ந்து மெல்லிசா பாடினாங்க. கெயினை முழுசாத் திருகியும் குரல் சின்னதா இருந்தது, பின்னாடி "உஸ்ஸ்"னு இரைச்சல். கரிசல் காட்டுல பெய்யாத மழையெல்லாம் என் ஹெட்போன்ல பெய்ஞ்சது!

தப்பு ஜோடியிலதான். கணக்கைப் பாருங்க. 94 டெசிபல் சத்தத்துக்கு எஸ்எம்58 கொடுக்கிறது சுமார் 1.85 மில்லிவோல்ட். ரோட் என்டி1-ஏ மாதிரி கண்டென்சர் மைக் அதே சத்தத்துக்கு 25 மில்லிவோல்ட் கொடுக்கும். 13 மடங்குக்கு மேல! வரவு கம்மியா இருந்தா ப்ரீஆம்ப்தான் பெருக்கணும். பெருக்கும்போது தன்னோட இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். நல்ல ப்ரீஆம்ப்னா அந்த இரைச்சல் ரொம்பக் கம்மி. என் பெட்டி அப்படி இல்லை.

இதே மைக்கை நாதஸ்வரத்துக்கு முன்னாடி வச்சா பிரச்சினையே இல்லை. எங்க ஊர்ல வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் (மறைவு 1964) மாதிரி ஒருத்தர் ஊதினா கெயினைக் கொஞ்சம் தொட்டாப் போதும்.

அப்புறம் இம்பீடன்ஸ். பொருத்தம்னா ரெண்டு பக்கமும் ஓம் சமமா இருக்கணும்னு நினைச்சிட்டிருந்தேன். சமமா இருந்தா பாதி வோல்டேஜ் மைக்குக்குள்ளயே காலி. ப்ரீஆம்ப் பக்கம் 10 மடங்கு இருக்கணும். மைக் 300 ஓம், ப்ரீஆம்ப் 3000 ஓம்னா 11ல் 1 பங்குதான் போகும். இது ஒண்ணு மட்டும் என் பெட்டியில சரியா இருந்தது.

ரெண்டாவது முயற்சி. காலேஜ் நண்பன்கிட்ட கண்டென்சர் மைக். 48 வோல்ட் ஃபான்டம் பவரைப் போட்டதும் உஸ்ஸ் போயே போச்சு. ஆனா ஃபேன், டீக்கடைப் பாட்டு, தீப்பெட்டி ஆபீஸ் வேன்னு தெருவே உள்ள வந்திடுச்சு. ஃபேனை நிறுத்தினேன். "ஏய்யா, என்னைய பாட்டு படிக்கச் சொல்றியா, வேக வைக்கிறியா?"ன்னுட்டு எழுந்து போயிட்டாங்க.

மூணாவது தடவை உதவினது கரண்ட்டு இல்லாத நாள்! மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் நிறுத்துமே, அந்த நாள். தெருவுல ஒரு ஃபேன் ஓடலை, டீக்கடையில பாட்டு இல்லை. லேப்டாப் பேட்டரியில ஓடிச்சு. பெட்டி அதுக்கிட்ட இருந்து 5 வோல்ட் வாங்கி, 48ஐ உள்ளயே தயார் பண்ணிக்கும். மார்கழி மாசம்ங்கிறதால ஆச்சியும் கோவிச்சுக்கலை. கொடியில ரெண்டு போர்வையைத் தொங்கவிட்டு எதிரொலியைக் குறைச்சேன்.

நாலு பாட்டு முடிஞ்சது. கடைசியா, தாத்தா போனப்போ பாடின ஒப்பாரியை எடுத்தாங்க. பாதியில நிறுத்திட்டாங்க. பத்து செகண்ட் மூச்சு மட்டும்தான். அப்புறம் "போதும்யா"ன்னாங்க.

அந்தப் பத்து செகண்டை நான் வெட்டலை. முதல் ஜோடியில பதிஞ்சிருந்தா அந்த மூச்சு உஸ்ஸுக்குள்ள காணாமப் போயிருக்கும்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆச்சி இருந்தா, நல்ல மைக் வரட்டும்னு காத்திருக்காதீங்க. முதல்ல போன்லயாவது பதிஞ்சு வைங்க. பொருத்தம் அப்புறம் பார்த்துக்கலாம்.