பருத்திப்பட்டும் பரதேசமும்

ஆவடி ரெயில் நிலையத்தில் இறங்கிப் பூந்தமல்லிச் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் சிறிது நேரத்தில் பருத்திப்பட்டு வந்து சேரும். பெயரைக் கேட்ட மாத்திரத்தில், பருத்தியும் பட்டும் ஒருங்கே விளைந்த செல்வச் சீமை இது போலும் என்று சிலர் எண்ணக்கூடும். அப்படி ஒன்றுமில்லை. செங்கழுநீர்ப்பட்டு என்ற பெயரில் உள்ளது போலவே இங்கும் 'பட்டு' என்பது சிற்றூரைக் குறிப்பதாகும். ஆயினும் இவ்வூர்வாசிகளின் மனோநிலைக்கு இந்தப் பெயர் வெகு பொருத்தமென்றே நமக்குத் தோன்றுகிறது. உடுத்துவது பருத்தி, கனவு காண்பது பட்டு!

ஊருக்கு அழகு அதன் ஏரிதான். 2019-ஆம் ஆண்டில் கரையைச் செப்பனிட்டு, நடைபாதை அமைத்து, படகுகளும் விட்டார்கள். அது முதல் காலையிலும் மாலையிலும் கரை நெடுகிலும் ஜன நடமாட்டந்தான். உலாவுகிறவர்களில் பெரும்பாலோர் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அல்லர். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரெயில் பாதை ஆவடி வழியாகவே சென்றது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஆவடியில் பெரிய ராணுவ முகாம் ஏற்பட்டது. 1955-இல் இங்கே கூடிய காங்கிரஸ் மகாசபையிலேதான் சோஷலிஸ பாணிச் சமுதாயத் தீர்மானம் நிறைவேறிற்று. பின்னர் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1965-இல் 'விஜயந்தா' டாங்கி அதிலிருந்து வெளிப்பட்டது. தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர்கள் இங்கேயே மனை வாங்கினார்கள். திருவல்லிக்கேணியிலும் மாம்பலத்திலும் வாடகை கொடுத்து மாளாதவர்கள் அவர்களைத் தொடர்ந்தார்கள். ஆகவே, மலிவான இடம் தேடிக் குடிபெயர்வது இவ்வூராருக்குப் புதிய காரியமல்ல.

இப்போது பருத்திப்பட்டிலும் மனை விலை ஏறிவிட்டது. ஏரிக்கரைப் பெஞ்சுகளில் சமீப காலமாக நடைபெறும் மகாநாடுகளின் விஷயம், அடுத்தபடி எந்தத் தேசத்துக்குப் போகலாம் என்பது!

நாம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் போதிக்கிறவர்களாதலால், இந்த விசாரணை நம்மிடமும் வந்தது. தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்துப் பென்ஷன் பெற்ற நண்பர் ஒருவர், மனைவியுடன் உலாவ வந்தவர், நம்மை வழிமறித்தார்.

"வாத்தியார் ஸார்! பென்ஷன் பணத்தில் கௌரவமாகக் காலந்தள்ளக்கூடிய தேசம் எது? வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்று பார்க்கிறேன்" என்றார். செல்போனில் ஒரு ஜாபிதாவையும் காட்டினார். அம்மாள் ஒன்றும் சொல்லாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜாபிதாவில் முதலில் இருந்தது தாய்லாந்து. கறிகாயும் வாடகையும் சகாயந்தான். ஆனால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அயல் தேசத்தார் ஓய்வுக் காலத்தை அங்கே கழிக்க வேண்டுமானால், 8 லக்ஷம் பாட் பாங்கியில் இருப்பு வைத்துக் காட்ட வேண்டும். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் இருக்க வேண்டும். அந்த இருப்பு நம் பணத்தில் இருபது லக்ஷ ரூபாய்க்குக் குறையாது. அநுமதியோ வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது. இது தவிரத் தொண்ணூறு நாளுக்கொரு முறை, "இன்ன விலாசத்தில் இருக்கிறேன்" என்று சர்க்காருக்குத் தெரிவித்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

அடுத்தது மலேசியா. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் உள்ள அந்நாடு நம்மவர்க்குப் பரதேசமாகவே தோன்றாது. 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்ற திட்டத்தை அந்த அரசாங்கம் 2002-இல் ஏற்படுத்திற்று. 2021-இல் திடீரென்று விதிகளை இறுக்கி, மாத வருமானம் 40,000 ரிங்கிட் வேண்டுமென்றார்கள். 2024-இல் மறுபடியும் மாற்றி மூன்று படிகளாக வகுத்தார்கள். அவற்றுள் வெள்ளிப் படிக்கே 1,50,000 டாலர் வைப்புத் தொகை. அதாவது ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு மேல்! வீடு வேறு வாங்கியாக வேண்டும். பருத்திப்பட்டில் அரை கிரவுண்டு வீட்டை விற்றவர் அந்தப் படியில் கால் வைப்பது எப்படி?

நேபாளத்துக்கு இந்தியர்கள் விஸா இன்றியே போகலாம். 1950-ஆம் வருஷத்து உடன்படிக்கை அங்கே வசிப்பதற்கும் இடமளிக்கிறது. நிலம் வாங்குவது மட்டும் எளிதன்று. நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் கிடைப்பதைக் கண்டு, எல்லாம் அரை விலைக்கு அகப்படும் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. சாமானின் விலையும் அந்த ரூபாயிலேதான் சொல்லப்படும்!

இங்கே எல்லாத் தேசத்துக்கும் பொதுவான ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஜாபிதா தயாரிக்கிறவர்கள் டாலரில் வருமானம் வருகிறவர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறார்கள். நம் நண்பருக்கு வருவது ரூபாய்ப் பென்ஷன். 2010-இல் ஒரு டாலர் சுமார் 45 ரூபாய். 2022-இல் 80 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஊரில் அகவிலைப்படி ஏறுவது ஊர் விலைவாசியைப் பார்த்து. பாங்காக் விலைவாசியைப் பார்த்தல்ல.

மலிவு என்பது நிலையான குணமுமல்ல. 2022-இல் இலங்கை ரூபாய் சரிந்தபோது, வெளி நாட்டுப் பணம் வைத்திருந்தவர்களுக்கு அத்தீவு ஒரே வருஷத்தில் மலிவாகிவிட்டது. ஆனால் பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் மருந்துக்கும் ஜனங்கள் நாட்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஒரு தேசம் மலிவாயிருப்பதற்குக் காரணம் அத்தேசத்தாரின் கஷ்டமாகவும் இருக்கலாம்.

தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் பழைய அநுபவம் உண்டு. பர்மா ஒரு காலத்தில் நெல் கொழித்த நாடு. அரிசியும் மலிவு, பிழைப்பும் சுலபம். கப்பல் கப்பலாகப் போனார்கள். 1931-ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் ரங்கூன்வாசிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது லக்ஷக்கணக்கானோர் காட்டு வழியே நடந்து திரும்பினார்கள்; வழியில் மாண்டவர் ஆயிரக்கணக்கானவர். யுத்தத்துக்குப் பின் மீண்டும் போய் நிலைத்தவர்களும், 1964-இல் ராணுவ ஆட்சி கடைகளையும் வியாபாரங்களையும் தேச உடைமையாக்கியபோது வெறுங்கையுடன் கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை நிலையத்தருகே உள்ள பர்மா பஜார் அந்தக் கதையைச் சொல்லும். அதே 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் 5,25,000 பேர் இந்தியா வரவேண்டியவர்கள் என்று முடிவாயிற்று. அவர்களைக் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை.

இவற்றையெல்லாம் நாம் சொல்லி முடித்ததும் நண்பர், "அது அந்தக் காலம், ஸார்" என்றார்.

அப்பொழுதுதான் அம்மாள் வாய் திறந்தார். "காலம் எதுவானாலும் சரி. நமக்கு உடம்புக்கு வந்துவிட்டால் இங்கேதானே திரும்பி வர வேண்டும்? வீட்டை விற்றுவிட்டு எந்த வீட்டுக்கு வருவது?" என்று கேட்டார். நண்பர் பதில் சொல்லவில்லை. பூகோளப் புஸ்தகத்திலும் அதற்குப் பதில் கிடையாது.

குடிபெயரவே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. திரை கடலோடிய ஜாதியார் நாம். வெளிநாட்டில் சுகமாய் வாழும் தமிழர் எத்தனையோ பேர். ஆனால் போகிறவர்கள் நாலு விஷயங்களைத் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும். தங்கும் அநுமதி எத்தனை வருஷத்துக்கு, விதி மாறினால் என்ன ஆகும்; வைத்தியச் செலவு யார் பொறுப்பு; ரூபாய் இறங்கினால் பென்ஷன் போதுமா; தம்பதிகளில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் தனியே அங்கே காலந்தள்ள முடியுமா? நம் அரசியல் சட்டம் இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புக்கொள்வதில்லை. ஆகையால் இந்தியராக இருக்கும் வரையில் அங்கே நாம் விருந்தாளிகளே.

திருவல்லிக்கேணியிலிருந்து பருத்திப்பட்டுக்கு வந்தவர் வாடகையை மட்டுமே கணக்குப் பார்த்து வந்தார், அது போதுமானதாயிருந்தது. இங்கே அவரை யாரும் "நீ யார்?" என்று கேட்கவில்லை, வோட்டு இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது. கடலைத் தாண்டினால் அந்தக் கேள்வி ஆண்டுதோறும் எழும். முதல் வருஷம் வீட்டை வாடகைக்கு விட்டு, மூன்று மாதம் போய் இருந்து பார்த்துவிட்டு வருவதே குடும்பஸ்தருக்கு ஏற்ற வழி. விற்பதற்கு ஒரு நாள் போதும். இதே ஏரிக்கரையில் மறுபடி ஒரு வீடு வாங்க ஓர் ஆயுள் சம்பாத்தியம் வேண்டும்.